திண்ணையில் இருக்கும் பெரியவங்களைப் பற்றி

(ஜூன் மாதம் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்னைக்கு நான் வங்கிக் கடன் பற்றித்தான் பேசுவேன்னு நினைச்சு வந்திருப்பீங்க. அது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்கு. அதுக்கு முன்னாடி தலைவி அக்காகிட்ட அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கேன். ஜூன் 15 முதியோர் கொடுமை ஒழிப்பு விழிப்புணர்வு நாள். 2011-ல் ஐக்கிய நாடுகள் சபை இந்த நாளை ஏற்றுக்கொண்டது. ஆனா, நாள் வந்துவிட்டதே என்பதற்காக நான் பேச வரல. போன வருஷம் நம்ம குழு ஒன்றில் நடந்ததை மனசுக்குள்ளேயே வெச்சிருந்தேன். அதை இன்னைக்குச் சொல்லிடணும்.

அந்தக் குழு நல்ல குழு. ஊர் பெயர் வேண்டாம். ஒரு தவணை தவறியது கிடையாது. கூட்டம் முடிந்ததும் பணத்தை நானே எண்ணி, நோட்டில் வரவு சரிபார்த்து, என்னுடைய மாத அறிக்கையில் "நூறு சதவீதம் திருப்பம்" என்று எழுதினேன். எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன். சந்தோஷத்தில் போட்ட கோடு அது.

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "ஏத்தா, நீ பேங்குக்காரியா? என் பணம் நின்னு போச்சா?" என்று கேட்டாங்க. என்ன பணம் அப்பத்தான்னு கேட்டேன். முதியோர் பென்ஷன். "மாசா மாசம் அந்தத் தம்பி மிஷினைக் கொண்டாந்து விரலை வைங்கறான். வைக்கிறேன். நாலு மாசமா பணம் வரலைன்னு மருமக சொல்றா. விரல்ல ரேகை தேஞ்சு போச்சு போல."

விரல் ரேகை தேயவில்லை. மிஷின் கொண்டுவரும் தம்பியிடம் விசாரித்தேன். மாதம் தவறாமல் 1200 ரூபாய் வந்திருக்கு. ரேகை வைத்தது அப்பத்தா, பணத்தை வாசலில் நின்று வாங்கிக்கொண்டது மருமகள். "வீட்டு ஆளுகதானே மேடம்னு குடுத்தேன்" என்றார் அந்தத் தம்பி. அந்த மருமகள் நம்ம குழு உறுப்பினர். அவங்க மாதத் தவணை 1150 ரூபாய்.

இப்போ புரியுதா? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நான் எண்ணின பணத்தில் அந்த அப்பத்தா பணமும் இருந்தது. நான் கோடு போட்ட நூறு சதவீதத்தில் அதுவும் சேர்ந்திருக்கு.

உடனே அந்த மருமகளைத் திருடி என்று சொல்லிவிட வேண்டாம். அவங்க கதையையும் கேட்டேன். புருஷன் திருப்பூர்ல, பணம் அனுப்புறது நின்னு போச்சு. குழுக்கடன் வாங்கி ஆடு வாங்கினாங்க, அதில் ரெண்டு செத்துப்போச்சு. தவணை கட்டலைன்னா குழுவில் மற்றவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. நாமதான் அப்படி ஒரு கட்டுப்பாட்டை உண்டாக்கி வெச்சிருக்கோம். அந்த நெருக்கடி கடைசியில் போய் இறங்கினது, வீட்டிலேயே எதிர்த்துப் பேச முடியாத ஆள் தலையில். இதைத்தான் நான் உங்களிடம் பேச வந்தேன். முதியோர் கொடுமைன்னா டிவியில் வருகிற மாதிரி யாரோ எங்கேயோ செய்வது என்று நினைக்கிறோம். அது நம்ம வரவு செலவு நோட்டுக்குள்ளேயும் இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆறில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமை நடக்குது. உலகம் முழுவதும் எடுத்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. உங்க தெருவில் அறுபது தாண்டினவங்க எத்தனை பேர்னு ஒரு நிமிஷம் மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க. ஆறால் வகுத்துப் பாருங்க.

அடிப்பது மட்டும்தான் கொடுமை என்று இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறின சோறைத் தனித்தட்டில் வாசல்ல தள்ளி விடுறது. பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியும் வாங்கித் தராமல் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி உடைஞ்சா "இனி என்ன பார்க்கப் போற" என்கிறது. மகள் போன் பண்ணினா கொடுக்காமல் வைக்கிறது. "இன்னும் எத்தனை நாளைக்கு" என்று காது கேட்கப் பேசுறது. மாட்டுக்கொட்டகையில் கட்டிலைப் போடுறது. குடிச்சிட்டு வந்து காதுத்தோடைக் கழற்றிக் கேட்கிறது. படுக்கையில் கிடப்பவர் அடிக்கடி ஒண்ணுக்குப் போவார் என்று தண்ணீரைக் குறைக்கிறது. இதைச் செய்யும் பலருக்கு இது கொடுமைன்னே தெரியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி தங்கும், மலச்சிக்கல் வரும், புத்தி தடுமாறும்.

இன்னொன்று நம்ம பக்கத்து வழக்கம். அப்பா பெரியவன் வீட்ல, அம்மா சின்னவன் வீட்ல. பாகப்பிரிவினை பண்ணும்போது நிலத்தோடு சேர்த்துப் பெத்தவங்களையும் பிரிச்சுக்குறாங்க. ஐம்பது வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்க. ஒரே தெருவில் இருந்துகிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாமல் கிடந்த ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். அண்ணன் தம்பிக்குப் பேச்சு வார்த்தை இல்லை, அதனால் அப்பத்தா தாத்தாவைப் பார்க்கப் போகக்கூடாது. யாரும் அடிக்கல. சோறும் போட்டாங்க. இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?

சரி, அவங்க ஏன் வெளியே சொல்றதில்லை? பெத்த மனம் பித்து என்று சும்மா சொல்லி வைக்கல. "என் பிள்ளையைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட சோறு திங்கிறது" என்பார்கள். அதோடு பயம். நாளைக்கு விழுந்து கிடந்தால் இதே கைதானே தூக்கணும். வளர்ப்புச் சரியில்லை என்று ஊர் தன்னைத்தான் சொல்லும் என்ற வெட்கமும் உண்டு. தாத்தாமார்கள் இன்னும் மோசம். மகன் அடிச்சான்னு ஒரு ஆம்பளை வாயால் வரவே வராது. கீழே விழுந்துட்டேன் என்றுதான் சொல்வார்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிடுறேன். சமூகப்பணி படிச்சு முடிச்சு வேலைக்கு வந்த புதுசு. ஒரு கிராமத்தில் குடிகார மகன் அம்மாவை அடிக்கிறான்னு குழுவில் சொன்னாங்க. பத்துப் பெண்களைக் கூட்டிக்கிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அவனைத் தெருவுக்குக் கூப்பிட்டு, சட்டம் பேசி, கிழி கிழின்னு கிழிச்சேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் தலையைக் குனிஞ்சு நின்னான். நான் பெரிய சாதனை பண்ணின மாதிரி ஐந்தரை மணி பஸ் ஏறி வந்துட்டேன். அடுத்த வாரம் போனப்போ அந்தம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நெற்றியில் வீக்கம். பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. "நீ பேசிட்டு பஸ் ஏறிப் போயிட்ட. ராத்திரி அங்க இருந்தது நான்தானே."

அந்த அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. உங்களுக்கு என்ன வேணும்மான்னு கேட்கல. அவனை அடிக்கணுமா, பிரிச்சு வைக்கணுமா, குடியை நிறுத்தணுமா, கொஞ்ச நாள் மகள் வீட்டுக்குப் போகணுமா, எதையும் கேட்காமல் நானே முடிவு பண்ணிப் போய்ட்டேன். பிறகு கேட்டப்போ அவங்க சொன்னது ரொம்பச் சின்னது. ராத்திரி படுக்க உள்தாழ்ப்பாள் இருக்கிற ஒரு இடம். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டு முன்னறையை இரவுக்கு மட்டும் கொடுத்தாங்க.

அதனால் முதல் வேலை, தனியாகப் பார்த்துப் பேசுவது. மருமகளோ மகனோ பக்கத்தில் இருக்கும்போது "சாப்டீங்களா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். குளத்துக்கரை, ரேஷன் கடை, கோயில் வாசல், எங்கே தனியா மாட்டுவாங்களோ அங்கே பேசுங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை தருபவர்களில் நிறையப் பேர் நம்ம குழுப் பெண்கள்தான். வீட்டுக்குள் போக உங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. கையில் பட்டையைச் சுற்றும்போது தோளில் காயம் இருக்கான்னு கண் பார்க்கலாம். "ராத்திரி தூக்கம் வருதா? வீட்ல யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்கலாம். ஒரே நாளில் பதில் வராது. மூணாவது தடவை வரும்.

அவங்க சொல்ல ஆரம்பிச்சா குறுக்கே பேசாதீங்க. "அவன் அப்படிப்பட்டவன் இல்லையே" என்று மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது. அதோடு அவங்க கதவு சாத்திக்கும். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீங்க. கேட்டதைக் குழுக் கூட்டத்தில் போட்டு உடைக்காதீங்க. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்ம கூட்டத்தில் பேசினது கூட்டம் முடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். ஊக்குநர் ஒருத்தர், நம்பிக்கையான இன்னொருத்தர், இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு ஊரில் நல்ல யோசனை ஒன்று வைத்திருக்கிறார்கள். அப்பத்தாவுக்கு ஆபத்துன்னா பேரப்பிள்ளையை அனுப்பி "கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லச் சொல்வார். அந்த வார்த்தை வந்தால் இரண்டு பெண்கள் ஏதாவது சாக்கு சொல்லி அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை போட மாட்டார்கள். உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஆள் இருக்கும்போது கை ஓங்குவது குறையும். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை, பாருங்க.

வயதானவர்களில் சிலருக்கு மறதி நோய் இருக்கும். சாப்பிட்டுவிட்டே "சோறு போடல" என்பார்கள். அதை வைத்து அந்த வீட்டு ஆட்கள் மேல் பழி போடவும் கூடாது, "அதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ஒதுக்கவும் கூடாது. கண்ணால் பாருங்க. உடம்பு இளைக்குதா, ஒரே சேலை எத்தனை நாளா, படுக்கைப்புண் இருக்கா, வீட்டில் ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்திச் சுருங்கிக்கிறாங்களா? இதெல்லாம் பொய் சொல்லாது.

அடி, பூட்டி வைத்தல், சோறு தண்ணீர் இல்லாமல் போட்டு வைத்தல், உயிருக்கு ஆபத்து. இதில் எது நடந்தாலும் பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 112-க்குப் போன் பண்ணுங்க. பெண்களுக்கு 181 இருக்கு. முதியோருக்கென்றே 14567 என்று கட்டணமில்லாத உதவி எண் இருக்கு, ஆண்களும் கூப்பிடலாம், காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை பேசுவார்கள். காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படிப் பட்டது என்பதை உள்ளபடி சொல்லி, சீட்டைப் பத்திரமாக வையுங்க. பிற்பாடு அதுதான் பேசும். ஆதார், பாஸ்புக், ரேஷன் அட்டை, பத்திரம், எல்லாத்துக்கும் ஒரு நகல் நம்பிக்கையான ஒருத்தர் வீட்டில் இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மகன் மட்டும் இல்லை, மகளுக்கும் வயது வந்த பேரன் பேத்திக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்தை அனுபவிக்கிற அல்லது நாளைக்கு அது வந்து சேரப்போகிற உறவினரிடம் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கணும், அவர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரியவரால் போக முடியாவிட்டால், அவர் ஒப்புதல் கொடுத்த வேறு ஒருவரோ ஓர் அமைப்போ அவருக்காக மனுக் கொடுக்கலாம். அமைப்புன்னா நம்ம கூட்டமைப்பும்தான். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்கணும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போட இந்தச் சட்டத்தில் இடம் இருக்கு. பெரியவரை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காகிதத்தில் இருப்பது இது. நடைமுறையில் மூணு தடவை நடக்கணும், ஆபீசர் மாறியிருப்பார், மனுவைத் தேடுவாங்க. எழுபது வயசு ஆள் தனியாக பஸ் ஏறி அலைய முடியுமா? அங்கேதான் நாம் வேணும். மனு நம்பரைக் குறித்துக்கொண்டு கூடவே போக ஒரு ஆள் இருந்தாலே பாதி வேலை நடக்கும்.

வயதான பெண்களுக்கு 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டமும் உண்டு. இது இளம் மனைவிமாருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவும் மகன் மேல் கொடுக்கலாம். வயது வந்த ஆண் மேல் மட்டும்தான் கொடுக்க முடியும் என்று சட்டத்தில் இருந்த வாசகத்தை 2016-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க, வெளியே தள்ளாமல் இருக்க உத்தரவு வாங்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கார், அவரைப் பாருங்க. இலவச சட்ட உதவி பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே கிடைக்கும்.

இப்போ எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. பத்திரம் பற்றிப் பேசப்போறேன். இதில்தான் நான் பார்த்தவரையில் அதிகம் பேர் விழுந்திருக்காங்க.

"எனக்கு எழுதிக் குடுத்துடும்மா, லோன் வாங்கி வீடு கட்டுறேன், மேல ரூம் உனக்கு" என்பான். சார்பதிவாளர் அலுவலகத்தில் தான செட்டில்மெண்ட் முடிந்துவிடும். மேல ரூம் கடைசிவரை வராது. உயில் என்றால் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து பண்ணலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை, பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். எழுதித்தான் ஆகணும் என்றால் இரண்டு வாசகம் பத்திரத்தில் இருக்கணும். ஒன்று, என் ஆயுள் உள்ளவரை நானே அனுபவிப்பேன், இந்த வீட்டில் குடியிருப்பேன் என்பது. இரண்டாவது, சோறு, துணி, வைத்தியம் பார்த்துப் பராமரிக்கணும், பராமரிக்காவிட்டால் இந்தப் பத்திரம் செல்லாது என்பது. அந்த 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, இப்படி நிபந்தனையோடு கொடுத்து அவர்கள் கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லித் தீர்ப்பாயத்தில் கேட்கலாம் என்கிறது. நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறு ஒரு வழக்கில், முதியவர்களுக்கு உதவத்தான் இந்தச் சட்டம், அதனால் தாராளமாகப் பொருள் கொள்ளணும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. கோர்ட்டில் எப்படி முடியும் என்று யாரால் சொல்ல முடியும்? பத்திர எழுத்தர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அந்த இரண்டு வரியை எழுத வையுங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் எதுக்கும்மா, பிள்ளைமேல நம்பிக்கை இல்லையா" என்று அவர் கேட்டால், நம்பிக்கை இருக்கு, இருந்தாலும் எழுதுங்கன்னு சொல்லுங்க.

(இந்த இடத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் உறுப்பினர் எழுந்து, "நீங்க மாமியார் பக்கமே பேசுறீங்க. எங்க மாமியார் என்னை என்ன பாடு படுத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தது.)

கேட்டது நல்லது அக்கா. உட்காருங்க. உங்களை மாதிரி மனசில் வெச்சுக்கிட்டு இருக்கிறவங்க இங்கே நிறைய இருக்காங்க. வரதட்சணைக்குச் சுடுசொல் சொன்ன மாமியார், பெண் குழந்தை பிறந்ததும் பார்க்க வராத மாமியார், எல்லாம் உண்மை. அதை மறந்துடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், மன்னிச்சுடுங்கன்னும் சொல்ல மாட்டேன். அது உங்க மனசு. ஆனா அன்னைக்கு அவங்க செஞ்சதுக்கு இன்னைக்கு அவங்க மாத்திரையை நிறுத்துறதுக்கு நமக்கு உரிமை கிடையாது. அன்னைக்கு உங்களுக்கு நடந்தப்போ ஊர் சும்மா இருந்ததேன்னுதானே உங்களுக்கு இன்னும் கோபம்?

இன்னொரு பக்கமும் இருக்கு. எல்லாப் புறக்கணிப்பும் வன்மத்தால் வருவது இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை இரண்டு வருஷமாக ஒரு ஆளே துணி மாற்றி, குளிப்பாட்டி, நடுவில் களை எடுக்கப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ராத்திரி மூணு மணிக்குத் திரும்பப் படுக்க வைத்து... அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கை ஓங்கிவிட்டது. அவளே வந்து என்னிடம் அழுதாள். அவ புருஷனும் நாத்தனார்களும் ஒரு நாள் எட்டிப் பார்த்தது இல்லை, ஆனா "அம்மாவை நல்லாப் பார்த்துக்கோ" என்று போனில் மட்டும் சொல்வாங்க. அந்தப் பெண்ணுக்குப் புத்திமதி சொல்லி என்ன பிரயோஜனம்? அவளுக்குத் தேவைப்பட்டது தூக்கம். அந்தக் குழுவில் ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூணு நாள், மதியம் இரண்டு மணி நேரம் ஒருத்தர் போய் அந்தப் பெரியம்மாகிட்ட உட்காருவார், அவள் படுத்துத் தூங்குவாள். நாத்தனாரையும் வரவழைத்துப் பேசி, மாதத்தில் ஒரு வாரம் அவர் வந்து பார்க்க ஏற்பாடு ஆனது. கை ஓங்குவது நின்றது.

களைத்துப் போய் நடக்கிற தப்பையும் பணத்துக்காகக் குடிச்சிட்டு வந்து அடிக்கிறதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதலாவதற்கு உதவி ஆள் வேண்டும். இரண்டாவதற்குப் போலீஸ். எது எது என்று பார்த்துத் தெரிந்துகொள்வதில்தான் நம்ம கவனம் இருக்கணும். தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்க, சேர்ந்து யோசிப்போம்.

இனி அந்தப் பென்ஷன் அப்பத்தா கதைக்கு வர்றேன். இந்தத் தடவை நான் தெருவில் நின்று கத்தவில்லை. முதலில் அப்பத்தாகிட்ட, உங்களுக்கு என்ன செய்யணும்னு கேட்டேன். "பணம் என் கையில வரணும். அவளைத் திட்டக் கூடாது. அவ பாவம்" என்றார். அதை அப்படியே செய்தோம். மிஷின் தம்பியிடம், பணத்தை அப்பத்தா கையிலேயே, சத்தமாக எண்ணிக் கொடுக்கணும் என்று ஊக்குநர் சொன்னார். பாஸ்புக் அப்பத்தா பெட்டிக்கு வந்தது. கணக்கில் பதிந்திருந்த போன் நம்பர் பேரனுடையது. பணம் ஏறினால் குறுஞ்செய்தி அவனுக்குத்தான் போகும். அதையும் அப்பத்தா சொன்ன ஆள் நம்பருக்கு மாற்றினோம். மருமகளின் தவணையைக் குழு உட்கார்ந்து பேசி, கட்டும் காலத்தைக் கூட்டி, மாதம் 600 ஆக்கினார்கள். அதுக்கு ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை நடந்தது. "அவளுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா" என்று இரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு வந்தார்கள்.

இப்போ முதல் தேதி வாக்கில் அப்பத்தா கையில் 1200 வருது. வெற்றிலைக்கும், தைலத்துக்கும் எடுத்துக்கொண்டு முந்நூறு ரூபாயை மருமகளிடம் அவரே கொடுக்கிறார். மருமகளுக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான். நான் போனால் தண்ணீர் கொடுப்பாங்க, பேச மாட்டாங்க.

அந்த மாதத்திலிருந்து நான் அறிக்கையில் வெறும் சதவீதம் எழுதுவதை விட்டுட்டேன். தவணை கட்டுகிற உறுப்பினர் வீட்டில் பென்ஷன் வாங்குகிற பெரியவர் இருந்தால், பணம் யார் கையில் போகுது என்று ஒரு வரி சேர்த்து எழுதறேன். அதையே நம்ம எல்லாக் குழுக்களும் தீர்மானமாகப் போடணும்னு தலைவி அக்காகிட்ட கேட்டிருக்கேன். பெரியவங்க பென்ஷனை அவங்க சம்மதம் இல்லாமல் எடுத்துத் தவணை கட்டக் கூடாது. கட்ட முடியாத உறுப்பினர் அதை வெளியே சொல்ல வெட்கப்படாத அளவுக்குக் குழுவில் இடம் கொடுக்கணும். இந்த இரண்டும் சேர்ந்துதான் தீர்மானம். ஒன்றை மட்டும் போட்டால் பணம் வேறு வழியில் போகும்.

தீர்மான நோட்டு பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. அதோடு ஒரு தாள் இப்போ உங்களுக்கு வரும். உங்க ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், ஒரு மாதமாக யாரும் வெளியே பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் எழுதுங்க. பெயர் எழுத வேண்டாம். வர்ற வியாழக்கிழமைக்குள் ஒரு வீட்டுக்காவது போய், அவங்க பக்கத்தில் உட்கார்ந்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. சாப்பாடு தயாராகிடுச்சுன்னு வாசலில் சொல்றாங்க. தாளை எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம்.